ஆயுத பூஜைக்கு மறுநாள் கண் திறக்காத மேக்

கையால் பூட்டிய மேக் ஒன்று சர்வீஸுக்கு வருகிறது என்றால் முதலில் ஒரு டீ சொல்லுங்கள். ஸ்குரூ டிரைவரெல்லாம் அப்புறம். டீ வந்து, ஆறி, ஆடை படிந்து, அதை நீங்கள் குடித்து முடிப்பதற்குள் பெட்டியைக் கொண்டு வந்தவர் வாயைத் திறந்திருப்பார். "ஒண்ணுமே பண்ணல சார், தானா நின்னுடுச்சு" என்பார். இது பொய். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்பார். இது உண்மை, ஆனால் பைசாவுக்கு உதவாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் கோளாறு உட்கார்ந்திருக்கும்.

நான் செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்து, போதும் என்று ஷட்டரை இழுத்துவிட்டவன். இப்போது வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்விகளைப் படிப்பதுதான் வேலை. "அண்ணே, ஸ்கிரீன் கறுப்பா இருக்குது, இன்னா பண்றது?" என்று ஒருத்தன் கேட்கிறான். கூடவே கறுப்பான திரையின் போட்டோ ஒன்று. இருட்டை எந்தக் கோணத்தில் எடுத்தாலும் இருட்டுதான், தம்பி. அந்த இருட்டு வருவதற்கு முன்னால் அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுது. அதற்குத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

கையால் பூட்டிய மேக் என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மேக் என்கிற சிஸ்டம் அதன் கம்பெனி செய்கிற பெட்டியில் மட்டும்தான் ஓட வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்கள் சட்டத்தை எப்போது மதித்தார்கள்? கடையில் கிடைக்கிற போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் வாங்கிச் சாதாரணப் பெட்டியில் பூட்டி, அதற்குள் மேக் சிஸ்டத்தை ஏற்றிவிடுவார்கள். பெட்டி கண் விழிக்கும்போது, "பயப்படாதே, இது உன் வீடுதான்" என்று அந்தச் சிஸ்டத்தை நம்ப வைக்க ஒரு சின்ன ஃபோல்டர் வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். அந்த ஃபோல்டர் இருந்தால் பெட்டி மேக். இல்லாவிட்டால் விளக்கு எரிகிற தகர டப்பா.

அப்படி ஒரு டப்பா ஜாபர் பாய் ஸ்டுடியோவில் இருந்தது. ஜாபர் பாய் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்தான். ராஜகிரி மலையில் எந்தப் பாறை மேல் ஜோடியை நிறுத்தினால் குரங்கு ஃப்ரேமுக்குள் வராது என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர். எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குவது கோமதி. சிங்கவரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நான் முன்பு நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவள் என்பதால் என்னை "சார்" என்பாள், அதே மூச்சில் என்னைத் திட்டவும் செய்வாள். அவள் பழகிய எடிட்டிங் சாஃப்ட்வேர் மேக்கில் மட்டும்தான் ஓடும். நிஜ மேக் விலையைக் கேட்ட பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால், பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் இந்தப் பெட்டியைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அவன் நம்பருக்குப் போன் போட்டால் இப்போது ஒரு அம்மா எடுத்துக் கன்னடத்தில் கத்துகிறார்.

அந்த வருஷம் புரட்டாசியில் பெட்டி இழுக்க ஆரம்பித்தது. ஆயுத பூஜைக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் நான் போய் ரேமை இரண்டு மடங்காக்கி, மேக்குக்கு ஒத்துப்போகிற கிராபிக்ஸ் கார்டாகத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டு வந்தேன். குதிரை மாதிரி ஓடியது. கோமதி இரண்டு முறை நிறுத்திப் போட்டும் பார்த்தாள். "சூப்பர் சார்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் வீட்டில் போய்ச் சொன்னேன்.

அப்போது அவள் வெட்டிக்கொண்டிருந்தது அனந்தபுரம் ஏழுமலை மகள் கல்யாணம். ஏழுமலை வேர்க்கடலை வியாபாரி. அந்தக் கல்யாணத்தில் ஒரு குறை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஏழுமலையின் மனைவி சரோஜா மண்டபத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அந்த அம்மா, "முகூர்த்தத்த மட்டும் மாத்துனீங்க, அப்புறம் பாருங்க" என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது தாய் ஆபரேஷன் தியேட்டரில். சொந்தக்காரர்கள் போனில் எடுத்த துண்டு துக்கடாவைக் காட்டப் போனபோதும் பார்க்கவில்லையாம். "பார்த்தா முழுசா, பெரிய டிவில, என் வூட்ல பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன், காய்ச்சல், மறுபடி ஆபரேஷன் என்று இழுத்து, விஜயதசமி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார் என்று ஆனது. அன்றைக்குப் படம் கையில் இருக்க வேண்டும். ஏழுமலை கேட்டது அது ஒன்றுதான்.

கோமதி படத்தை முடித்துவிட்டாள். முடிக்கும்போது பாயோடு சின்னச் சண்டை. தாரை வார்க்கும் இடத்தில் ஒரு காட்சி. ஏழுமலை பந்தல் கால் ஓரமாக நிற்கிறார், அவருக்குப் பக்கத்தில் ஃப்ரேம் காலியாக இருக்கிறது. "அந்தப் பக்கம் சும்மா கெடக்குது, க்ராப் பண்ணிடு கோமதிம்மா, பார்க்க நல்லா இல்ல" என்றார் பாய். "எனக்கு ஏதோ தோணுது பாய், இருக்கட்டும்" என்று அவள் விட்டுவிட்டாள். கடைசியாக அதைக் கோப்பாக வெளியே எடுக்கிற எக்ஸ்போர்ட் வேலை ஒன்று மட்டும் பாக்கி. மறுநாள் ஆயுத பூஜை. "சாமி கும்பிட்டு, விஜயதசமி காலைல போட்டா நல்லது" என்று கோமதியும் சொன்னாள், பாயும் தலையாட்டினார். கேமராவின் மெமரி கார்டுகளை அதற்குள் அழித்து வேறு இரண்டு விசேஷங்களுக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. ஆக, அந்தக் கல்யாணம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அந்தப் பெட்டிக்குள்ளே. இன்னொரு நகல் வைக்க ஒரு டிஸ்க் வாங்கச் சொல்லி நானே பாயிடம் பலமுறை சொல்லியிருந்தேன். "அடுத்த சீசனுக்கு சார்" என்பார். எல்லா ஸ்டுடியோக்காரரும் அடுத்த சீசனில்தான் வாழ்கிறார்கள்.

பாய் ஸ்டுடியோவில் ஆயுத பூஜை அமர்க்களமாக நடக்கும். பொரி, கடலை, பழம், பூசணிக்காய் எல்லாம் பாய் வாங்கி வருவார். குங்குமம் வைப்பது கோமதி. அன்றைக்குப் பெட்டியை நிறுத்தி, ஒயரெல்லாம் கழற்றி, தூசு தட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கேமரா, லைட், ட்ரைபாட் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி வைத்துவிடுவார்கள். அப்புறம் விஜயதசமி காலை வரைக்கும் எதையும் தொடக் கூடாது.

விஜயதசமி காலையில் கோமதி பெட்டியைப் போட்டாள். கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக இரண்டு வரி. தொடங்குவதற்கு எதுவும் இல்லை, சரியான டிஸ்கைப் போட்டுவிட்டு ஒரு விசையை அழுத்து என்று.

எனக்குப் போன் வந்தது. "சார், நீங்க மாட்டுன கார்டு கோவிந்தா" என்றார் பாய். வணக்கம்கூட இல்லை.

இங்கே கவனியுங்கள். புதிதாக மாட்டியதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் ஸ்டுடியோவுக்கு ஓடிப் போய் அதையே செய்தேன். புதுக் கார்டைக் கழற்றிப் பழசை மாட்டினேன். அதே இரண்டு வரி. புது ரேமை எடுத்தேன். அதே இரண்டு வரி. ஒயரை மாற்றினேன், போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், துடைத்த தண்ணீர் உள்ளே இறங்கியிருக்குமோ என்று ஹேர் டிரையரால் காற்று அடித்தேன். பாய் பக்கத்தில் நின்று, "சூடம் பொகை உள்ள பூந்திருக்குமா சார்?" என்று கேட்டார். பொகை போனால் வெளியே வந்துவிடும் பாய் என்றேன். உள்ளே இருக்கிற டிஸ்க் மட்டும் போர்டின் பட்டியலில் பெயரோடு ஒழுங்காகத் தெரிந்தது. டிஸ்க் சாகவில்லை என்ற ஒரு நிம்மதி. ஆனால் அதிலிருந்து பெட்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அரை நாள் போனது. புதிதாகச் செய்தது நான் மட்டும்தானா என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் ஏழுமலை வந்துவிட்டார். கூடவே அவர் மகன் கார்த்தி. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. தோளில் லேப்டாப் பை. விஷயத்தைக் கேட்டதும் ஏழுமலை உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பாண்டியில கார் கெளம்பிடுச்சு சார். வழியெல்லாம் அதையேதான் பேசிகினு வருதாம். வூட்டுக்குப் போனா இன்னான்னு சொல்வேன் நானு?" என்றார்.

"நைனா, டென்ஷன் ஆவாத. டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குது, நான் பார்த்துக்கறேன்" என்று கார்த்தி பையைத் திறந்தான். நல்ல பிள்ளைதான். அம்மாவுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பு. டிஸ்கைக் கழற்றி ஒரு ஒயர் வழியாகத் தன் லேப்டாப்பில் செருகினான். அது விண்டோஸ் லேப்டாப். மேக் எழுதிய டிஸ்க் அதற்குக் கிரேக்க லிபி மாதிரி. படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிற பழக்கமும் அதற்கு இல்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?

அதாவது, எனக்குப் புரியவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று கேட்கிறது. எவ்வளவு மரியாதையான கேள்வி!

கார்த்தியின் விரல் மவுஸை நோக்கிப் போனது. "க்விக் ஃபார்மட்தான் அங்கிள். ஃபார்மட் பண்ணிட்டு ரெகவரி சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் வந்துடும். ஆபீஸ்ல ஒரு தபா பண்ணியிருக்கோம்."

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இறுக்கமாகத்தான் பிடித்திருக்க வேண்டும், "அங்கிள் வலிக்குது" என்றான். அந்த நேரத்தில் என்னிடம் மாற்று யோசனை எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. செய்யத் தெரிந்தவன் செய்யாதே என்று சொல்வது சுலபம். செய்யத் தெரியாமல், கையையும் பிசைந்துகொண்டு, செய்கிறேன் என்கிறவனைத் தடுப்பது கஷ்டம். அறையில் இருக்கிற எல்லாரும் உங்களைத்தான் வில்லனாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். திரையில் கேள்வி வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் வீட்டு அத்தை கேட்கிற கேள்விக்கெல்லாம் நாம் பதில் சொல்கிறோமா?

"விடு தம்பி. ஒயரைப் பிடுங்காம, முதல்ல அந்தக் கட்டத்துல வேணாம்னு குடு. அப்புறம் ஒழுங்கா டிஸ்க்க எடு" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். ஏழுமலை என்னைப் பார்த்தார். பிறகு அவர், "சார் சொல்றத செய்டா" என்றார். அந்த மனிதர் என்னை நம்பினார் என்று சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாமல் விட்டார்.

அதற்குள் எனக்கு ஒன்று தோன்றியிருந்தது. "டிஸ்க் உயிரோட இருக்குது. ஒண்ணும் தேறலன்னா இத இப்படியே பாண்டிக்கு எடுத்துட்டுப் போய் ஒரு நிஜ மேக்ல மாட்டி எடுத்துடலாம். படம் நாளைக்கு வரும். இன்னைக்கு வராது. ஆனா வரும்" என்றேன்.

"நாளைக்கு" என்று ஏழுமலை ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம்தான் நான் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டிய டீயைச் சொன்னேன். ஐந்து கிளாஸ் வந்தது. கோமதியைப் பார்த்து, "நேத்து காலைலேருந்து நீ என்னென்ன பண்ணேன்னு வரிசையா சொல்லு" என்றேன்.

அவளுக்கு மூக்கு சிவந்தது. "இன்னா சார், நான் ஏதோ ஒடச்ச மாதிரி கேக்கறீங்க?"

"நீ ஒடச்சேன்னு சொல்லலம்மா. நீ பண்ணத சொல்லுன்னு சொன்னேன்."

"நிறுத்துனேன். ஒயரெல்லாம் கழட்டுனேன். பின்னாடி ஒட்டடையா இருந்துச்சு, பிரஷ் போட்டேன். ஈரத்துணில தொடச்சேன், அப்புறம் காஞ்ச துணில தொடச்சேன். பொட்டு வெச்சேன். காலைல திரும்ப ஒயரெல்லாம் மாட்டுனேன். கரெக்டா மாட்டுனேன் சார், போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், அதப் பார்த்துதான் மாட்டுனேன்."

போட்டோவை வாங்கிப் பார்த்தேன். பெட்டியின் முதுகு. ஒவ்வொரு ஒயராக ஒப்பிட்டேன். எல்லாம் சரி. கீழே ஒரு யு.எஸ்.பி. துளையில் மட்டும், கை நகம் அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் துளை காலி.

"இது என்னம்மா?"

"அது மவுஸோட குமிழ் சார். ஒயர் இல்லாத மவுஸுக்குப் போடுவாங்களே."

எனக்கும் அந்த நினைப்புதான். ஒரு வாரத்துக்கு முன்னால் கார்டு மாட்ட வந்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். மவுஸ் குமிழ் என்று நினைத்துக் கண்ணை எடுத்துவிட்டேன். இப்போது மேஜையைப் பார்த்தேன். கோமதியின் மவுஸ் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு, மேஜை விளிம்பில் தொங்கி, பெட்டிக்குள் போய்ச் செருகிக்கொண்டிருந்தது.

"கோமதி, உன் மவுஸுக்கு வால் இருக்குதே."

அவளும் மவுஸைப் பார்த்தாள். கீபோர்டைப் பார்த்தாள். அதற்கும் வால். "அப்போ அது இன்னாது சார்?" என்றாள், குரல் இறங்கிவிட்டது.

அது ஒரு குட்டிப் பென்டிரைவ். மேக்கை ஏமாற்றுகிற அந்த ஃபோல்டர் அதற்குள்தான் இருந்திருக்கிறது. பெட்டியைப் பூட்டிய பெங்களூர் பையன் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறான். ஓடியதும் டிஸ்குக்குள் மாற்றாமல் கிளம்பிவிட்டான். ஓடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இத்தனை காலமும் அந்தப் பெட்டி தன் உயிரை முதுகில் ஒட்ட வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் போய் உயிரைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். இந்தக் காரியம் நம் ஊரைத் தவிர வேறு எங்கேயும் நடக்காது. வெளிநாட்டுக்காரன் எவன் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைச் சாமிக்காகத் துடைக்கிறான்?

"எடுத்து எங்க வெச்ச?"

"பூஜைத் தட்டுல. லென்ஸ் மூடி, கார்டு ரீடர் எல்லாத்தோடயும். அதுக்கும் குங்குமம் வெச்சேன் சார்."

தட்டில் லென்ஸ் மூடி இருந்தது. கார்டு ரீடர் இருந்தது. அது இல்லை.

பாய் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அது... சின்னதா, கறுப்பா, பதினாறுன்னு போட்டிருந்துச்சே, அதுவா?"

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"ஆட்டோ ஸ்டாண்டுல நேத்து பூஜை. பாட்டு போட பென்டிரைவ் குடு பாய்னு மணி வந்து நின்னான். தட்டுல அது இருந்துச்சு. வெத்துதான்னு நெனச்சி, என் லேப்டாப்புல மாட்டி, சாமிப் பாட்டு கொஞ்சம், குத்துப்பாட்டு கொஞ்சம் போட்டுக் குடுத்துட்டேன்."

கோமதி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கேள்விதான் இனி மிச்சம். அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

"பாய், பாட்டு போடறதுக்கு முன்னாடி உள்ள இருந்தத அழிச்சீங்களா?"

"இல்லியே சார். ஏதோ ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. தொறந்தேன், உள்ள இங்கிலீஷ்ல என்னென்னமோ பேரு. இன்னாதுன்னு புரியல. புரியாதத நான் எதுக்கு அழிக்கறேன்? நம்ம பாட்டுக்கு எடம் இருந்துச்சு, பக்கத்துல போட்டேன்."

கார்த்தி அப்போது தன் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான். நான் அவன் டீ கிளாஸை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். பெரிய கம்பெனிகளில் பயிற்சி கொடுத்துச் சொல்லித் தருகிற பாடம்தான் பாய் சொன்னது. அவர் அதைச் சோம்பலில் செய்தார் என்று நான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன், ஆனால் செய்தார்.

மணிக்குப் போன் போட்டோம். எடுத்தான். எடுத்ததும் முதலில் வந்தது குத்துப்பாட்டு. "மணி, அந்தப் பென்டிரைவ்!" என்று பாய் கத்தினார். "ஹலோ? பாய், பாட்டு ஓடுது, ஒண்ணும் கேக்கல!" என்று அவன் அதைவிடச் சத்தமாகக் கத்தினான். "பாட்ட நிறுத்துடா!" "கேக்கல பாய், பாட்டு ஓடுது!" கடைசியில் கோமதி போனைப் பிடுங்கி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எழுத முடியாது. பாட்டு நின்றது. சிங்கவரம் கோயிலுக்குச் சவாரி போயிருந்தான். அங்கிருந்து வர நேரம் எடுத்தது. அவன் வருகிற வரைக்கும் ஏழுமலை வாசலில் நின்றுகொண்டே இருந்தார். பாய் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

ஆட்டோ வந்தது. கண்ணாடியில் மாலை, முகப்பில் வாழைக்கன்று. மணி பிளேயரிலிருந்து பென்டிரைவை உருவிக் கொடுத்தான். அதன் முதுகில் குங்குமம் அப்படியே இருந்தது. "இதுல அடுத்த பாட்டு நல்ல பாட்டு சார், சீக்கிரம் குடுங்க" என்றான்.

துடைத்தேன். பெட்டியின் பின்பக்கம் அதே துளையில் செருகினேன். டிஸ்கையும் புது ரேமையும் புதுக் கார்டையும் மறுபடி மாட்டினேன். பாய் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கோமதி பெட்டியில் வைத்த குங்குமத்தைத் தொட்டுக்கொண்டாள். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது, பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரை. கறுப்புத் திரை. அப்புறம் நடுவில் மேக் கம்பெனியின் வெள்ளைக் குறி வந்து, கீழே கோடு நகர ஆரம்பித்தது. ஏழுமலை என் தோளைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாகத்தான். கார்த்திக்கு எப்படி வலித்திருக்கும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

முதல் வேலையாகப் படத்தை வெளியே எடுத்து இரண்டு இடத்தில் நகல் வைத்தோம். இரண்டாவது வேலையாக அந்த ஃபோல்டரை டிஸ்குக்குள் சேர்த்து, பென்டிரைவ் இல்லாமலே பெட்டி எழுகிறதா என்று நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். எழுந்தது. மணியிடம் பாட்டைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஆகவே பிள்ளைகளே, பெட்டி வந்தால் உள்ளே பார்ப்பதற்கு முன் முதுகைப் பாருங்கள். செருகியிருக்கிற ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, இது எதனுடையது என்று கேளுங்கள். கேட்டு முடிப்பதற்குள் யாராவது மேதாவி அழிக்கலாம் என்று வந்தால் கையைப் பிடியுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பிடியுங்கள்.

என்னையும் கோமதியையும் ஏழுமலை விடவில்லை. "அங்க டிவில ஏதாவது நின்னுப்போச்சுன்னா நான் யாரைத் தேடுவேன்? ஏறுங்க" என்று காரில் ஏற்றிக்கொண்டார். அனந்தபுரத்தில் நாங்கள் போய் இறங்கியபோது சரோஜா அம்மா ஏற்கெனவே வந்து, டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிடித்து நடக்கிற கம்பிச் சட்டம். அறை நிறைய சொந்தக்காரர்கள். படம் ஓட ஆரம்பித்தது.

அந்த அம்மா அழுவார் என்று எல்லாரும் கர்ச்சீப்போடு தயாராக இருந்தார்கள். அவரோ வாயை மூடவில்லை. "பந்தில அப்பளத்த இன்னாடா இப்படி அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்றார். "மாலைய யாரு வாங்குனது, வாடிக் கெடக்குது?" என்றார். "ஐயோ, உன் தங்கச்சி என் பட்டுப் பொடவைய கட்டிகினு திரியறா பாரு!" என்றார் ஏழுமலையிடம். அந்தத் தங்கை அறையிலேயே இருந்தார், மெதுவாகச் சமையலறைப் பக்கம் போனார்.

தாரை வார்க்கிற இடம் வந்தது. அதைத் தாயும் தகப்பனும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். சரோஜா அம்மா இல்லாததால் ஏழுமலையின் தம்பியும் அவர் மனைவியும் செய்தார்கள். காட்சி அப்படியே நகர்ந்து பந்தல் காலுக்குப் போனது. ஏழுமலை தனியாக நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் நெருக்குகிறது. அவருடைய இடது பக்கம் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. யாரோ ஒருவர் அதற்குள் நுழையப் பார்க்கிறார், ஏழுமலை பார்வையை மணவறையிலிருந்து எடுக்காமலே கையை நீட்டித் தடுத்து அந்த இடத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார். க்ராப் பண்ணச் சொன்ன காட்சி இதுதான்.

சரோஜா அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். நான் டிவியின் ஒயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்தேன்.

ஏழுமலைக்கு அங்கே நிற்க முடியவில்லை. "மோட்டார் ஓடிகினு இருக்குது, நிறுத்திட்டு வரேன்" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

"மோட்டாரு கெடக்குது. இங்க வந்து குந்து" என்றார் அந்த அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் திரும்பி வந்து பக்கத்தில் இருந்த பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம்.

"இப்பவும் இன்னாத்துக்கு எடம் உட்டுகினு குந்தற?" என்றார் அந்த அம்மா. "நவுந்து வா."

அவர் நகர்ந்து வந்தார். கோமதி ரிமோட்டை எடுத்துப் படத்தை முதலிலிருந்து போட்டாள்.